கிளப்பை யாரிடம் கொடுப்பது? வளரப் பணம் தேடும் கால்பந்து கிளப்புக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

ஒரு கால்பந்து கிளப் ஒரு டிவிஷன் மேலே ஏறியதும் செலவு உடனே ஏறிவிடுகிறது. வரவு சாவகாசமாகத்தான் வந்து சேர்கிறது. ஆட்டக்காரர்கள் கூடுதல் சம்பளம் கேட்கிறார்கள், லீக் நிர்வாகம் விளக்கும் இருக்கையும் கேட்கிறது, இளைஞர் அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர் வேண்டியிருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் வந்து, "பங்கை எனக்குக் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிகிறது. நூறு வருடக் கிளப்பை விற்கக் கூடாது என்கிறது ஒரு பக்கம். பணம் இல்லாமல் இதே டிவிஷனில் கிடந்து மடிவதா என்கிறது இன்னொரு பக்கம்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் பார்த்துத்தான் பேசுகின்றன: எவ்வளவு பணம் வரும்? என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு. பணம் போட்டவர் ஒருநாள் போய்விடுவார். அன்றைக்குக் கிளப்பிடம் என்ன மிச்சம் இருக்கும்? கடந்த நாற்பது வருடத்துக் கால்பந்து வணிகத்தில் உயர்ந்த கிளப்புகளையும் அழிந்த கிளப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வந்த தொகையைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் விதியைத் தீர்மானித்திருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

பணம் எந்த உருவில் வருகிறது. புதிய பங்குக்காகக் கிளப்பின் கணக்கில் வந்து சேரும் பணம் ஒன்று. முதலாளி கிளப்புக்குத் தரும் கடன் இரண்டு. கிளப்பை வாங்குவதற்காக வெளியே வாங்கிய கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டுவது மூன்று. செய்தியில் மூன்றுக்கும் 'முதலீடு' என்றே பெயர். கால்பந்தில் கடன் மற்ற தொழில்களைவிட ஆபத்தானது. ஒரு சீசன் கைவிட்டால் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கும், டிவி வருமானம் அறுந்துவிடும், சம்பள ஒப்பந்தங்கள் மட்டும் அப்படியே நிற்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டெட் 2001இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி ஆடியது. அதே வருடம், இனி விற்கப்போகும் டிக்கெட்டுகளின் வருமானத்தை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்ட் கடன் வாங்கியது. 2004இல் நாட்டின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2007இல் மூன்றாம் டிவிஷனில் இருந்தது.

ஓட்டு யாரிடம். பங்கு வேறு, ஓட்டு வேறு. ஒருவருக்குப் பங்கு கொடுத்துவிட்டு ஓட்டைக் கொடுக்காமல் இருக்க முடியும். சில பங்குகளுக்கு மட்டும் பத்து மடங்கு ஓட்டுரிமை வைத்துக்கொள்ளவும் முடியும்.

மைதானமும் பெயரும் எங்கே இருக்கின்றன. ஆட்டக்காரர்களை மீண்டும் வாங்கலாம். ஊருக்கு நடுவில் உள்ள மைதானத்தை ஒருமுறை விட்டால் திரும்ப வாங்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். பெயர், சின்னம், நிறம் மூன்றும் அதே கணக்குதான். 2012இல் கார்டிஃப் சிட்டியின் முதலாளி நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு நீலம் திரும்பியது 2015இல். பிரீமியர் லீக்குக்கு ஏறியது, அங்கிருந்து இறங்கியது இரண்டுமே அந்தச் சிவப்புக் காலத்தில்தான் நடந்தன.

விதி எதற்கு இடம் தருகிறது. முதலாளி எவ்வளவு கொட்டினாலும் அதை இஷ்டப்படி சம்பளமாக்க இப்போது முடியாது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகள், சம்பளம், ஆட்டக்காரர் மாற்றம், ஏஜெண்ட் கட்டணம் ஆகியவற்றுக்கான செலவை வருமானத்தின் 70 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏவின் விதி. பிரீமியர் லீக்கில் மூன்று சீசனுக்கு 10.5 கோடி பவுண்ட் நஷ்டம்தான் வரம்பு என்றிருந்த விதியை மீறியதற்காக 2023 நவம்பரில் எவர்டனின் 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. மைதானம், இளைஞர் பயிற்சி, பெண்கள் அணி ஆகியவற்றுக்கான செலவை இந்த நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே "பெரிய ஆட்டக்காரர்களை வாங்கித் தருகிறேன்" என்று வருபவரைவிட "மைதானம் கட்டித் தருகிறேன்" என்று வருபவரின் பணம் கூடுதல் வேலை செய்யும்.

போகும் நாள். அவர் விற்றால் யாருக்கு விற்கலாம்? கிளப்புக்கு முதல் உரிமை உண்டா? அவர் கொடுத்த கடனை அன்றைக்குத் திருப்பிக் கேட்பாரா? இவற்றை முதல் நாளே எழுதி வாங்காவிட்டால் பிறகு எழுதி வாங்க வாய்ப்பே வராது.

## வழி 1: உறுப்பினர்கள் கையிலேயே வைத்திருப்பது

ஸ்பெயினில் 1990இல் வந்த விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்முறைக் கிளப்புகளைக் கம்பெனிகளாக மாறச் சொன்னது. கணக்கு ஒழுங்காக இருந்ததால் விலக்குப் பெற்றவை நான்கு: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவோ, ஒசாசுனா. இன்றும் அவற்றுக்கு முதலாளி கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனி 1998இல் வேறு பாதை எடுத்தது. கிளப்பின் கால்பந்துப் பிரிவைக் கம்பெனியாக்கலாம், ஆனால் ஓட்டில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். '50+1' என்று சொல்வது இதைத்தான்.

இந்த வழியின் பலம் எளிதாகக் கண்ணில் படும். கிளப்பை ஒரே இரவில் யாரும் விற்க முடியாது, ஊரை விட்டு நகர்த்த முடியாது, டிக்கெட் விலையைக் கண்மூடித்தனமாக ஏற்ற முடியாது. பலவீனங்கள் கொஞ்சம் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பங்கு விற்க முடியாத கிளப் பணத்துக்குக் கடனைத்தான் நாடும். பார்சிலோனாவுக்கு நடந்தது அதுதான். 2021இல் அதன் மொத்தக் கடன் 135 கோடி யூரோ என்று புதிய தலைவரே அறிவித்தார். லீக்கின் சம்பள வரம்புக்குள் அடங்காததால் அதே வருடம் ஆகஸ்டில் மெஸ்ஸி வெளியேறினார். அடுத்த வருடம் ஸ்பானிய லீக் டிவி வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். பங்கை விற்கவில்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாக இனி வரப்போகும் உறுப்பினர்களின் வருமானத்தை விற்றார்கள்.

இரண்டாவது, தேர்தல். நட்சத்திர ஆட்டக்காரரைக் கொண்டுவருகிறேன் என்ற வாக்குறுதி ஓட்டு வாங்கும். வடிகால் குழாயை மாற்றுகிறேன் என்பது வாங்காது. ஸ்பெயினில் இதற்கு 2022 வரை சட்டத்தில் ஒரு நல்ல தடுப்பு இருந்தது: உறுப்பினர் கிளப்பின் நிர்வாகிகள் பதவிக்கு வரும்போது செலவுத் திட்டத்தின் ஒரு பகுதிக்குத் தங்கள் சொத்தை ஈடாகக் காட்டி உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. அந்தத் தடுப்பு இருந்தும் பார்சிலோனா இப்படி ஆனது என்றால், தடுப்பே இல்லாத கிளப்புகள் தாங்களாகவே ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, வேகம். இதற்கு போர்ட்ஸ்மத் கதையைவிட நேர்மையான பாடம் கிடையாது. 2008இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப், 2010இல் திவால் நடவடிக்கைக்குள் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனது. முதலாளிகள் மாறி மாறி வந்தார்கள். 2013இல் நான்காம் டிவிஷனுக்கு விழுந்திருந்தபோது ரசிகர்கள் அறக்கட்டளை ஒன்றின் வழியே காசு சேர்த்துக் கிளப்பை வாங்கினார்கள். கடனை அடைத்தார்கள், 2017இல் நான்காம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறினார்கள். அதே 2017இல், டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் குடும்ப நிறுவனத்துக்கு 56.7 லட்சம் பவுண்டுக்குக் கிளப்பை விற்கப் பெரும்பான்மை ஓட்டு அளித்தார்கள். பழைய மைதானத்தின் பராமரிப்புச் செலவு தங்கள் சக்திக்கு மீறியது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிலர் இதை ரசிகர் உடைமையின் தோல்வி என்கிறார்கள். எனக்கு அது ஒரு பெரிய வெற்றியாகவே படுகிறது. செத்துக்கொண்டிருந்த கிளப்பைப் பிழைக்கவைத்து, கடன் இல்லாமல் நிறுத்தி, அவசரமில்லாத நேரத்தில், யாருக்கு விற்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்து விற்றார்கள். 2024இல் கிளப் இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பியது.

பொருந்தும் நிலை: மைதானம் ஏற்கெனவே சொந்தமாக இருக்கும்போது, உறுப்பினர் எண்ணிக்கை வளரும்போது, தற்போதைய டிவிஷனில் வரவும் செலவும் சமமாக நிற்கும்போது. கிளப் திவாலாகி எல்லா முதலாளிகளும் ஓடிவிட்ட பிறகும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இதுதான்.

## வழி 2: ஒற்றை முதலாளி

வேகம் வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை. 2003இல் ரொமான் அப்ரமோவிச் வாங்கிய செல்சீ அடுத்த இரண்டு சீசனுக்குள் லீக் பட்டம் வென்றது. 2008இல் அபுதாபி பணம் வந்த மான்செஸ்டர் சிட்டி 2012இல் வென்றது. இவ்வளவு வேகமான வளர்ச்சியை உறுப்பினர் சந்தாவில் எட்டவே முடியாது.

ஆனால் இந்த வழியில் 'முதலாளி' என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டுப்போடவே கூடாது.

முதல் வகை கட்டுபவர். பிரைட்டன் கிளப்பின் பழைய மைதானத்தை அப்போதைய நிர்வாகம் விற்றுவிட்டதால், 1997இலிருந்து இரண்டு வருடம் அது வேறு ஊரான கில்லிங்ஹாமில் 'சொந்த' ஆட்டங்களை ஆடியது. பிறகு ஒரு தடகள மைதானத்தில் 2011 வரை ஒண்டியிருந்தது. 2009இல் கட்டுப்பாட்டை எடுத்த டோனி ப்ளூம் அந்தக் கிளப்பின் பரம்பரை ரசிகர். அவர் பணம் முதலில் போனது மைதானத்துக்கு. பிறகு பயிற்சிக்கூடத்துக்கு, ஆட்டக்காரரைத் தேடும் முறைக்கு. 2017இல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். 2023இல் மொய்செஸ் கைசெடோவை செல்சீக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். இருந்தும் ஒரு கேள்வி அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் போட்ட பணத்தின் பெரும்பகுதி வட்டியில்லாத கடனாகவே கணக்கில் நிற்கிறது. அவர் நல்லவராக இருக்கும்வரை அது வெறும் எண். அவருடைய இடத்தில் இன்னொருவர் வந்தால் அது எண்ணாக மட்டும் இருக்காது.

இரண்டாம் வகை கொட்டிவிட்டு நிறுத்துபவர். ஸ்பெயினின் மலாகா 2010இல் கத்தார் அரச குடும்பத்து ஷேக் ஒருவர் கைக்குப் போனது. 2013இல் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி ஆடியது. அதற்குள் பணம் வருவது குறைந்து, பாக்கிகள் கட்டாததற்காக ஐரோப்பியப் போட்டியிலிருந்து தடை விதிக்கப்பட்டிருந்தது. 2018இல் முதல் டிவிஷனை இழந்தது. 2023இல் மூன்றாம் டிவிஷனுக்கே இறங்கியது. ரஷ்யாவின் அன்ஜி மகச்கலா 2011இல் சாமுவேல் எட்டோவை வாங்கி உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 2013இல் முதலாளி செலவை வெட்டினார், பெரிய ஆட்டக்காரர்களை விற்றார்கள். 2022இல் கிளப்பே இல்லாமல் போனது.

மூன்றாம் வகை எடுப்பவர். 2005இல் கிளேசர் குடும்பம் 79 கோடி பவுண்ட் மதிப்பில் மான்செஸ்டர் யுனைட்டெடை எடுத்தபோது, அதற்காக வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கிளப்பின் மீதே ஏற்றினார்கள். வீட்டை வாங்கியவர் அந்த வீட்டையே அடமானம் வைத்துவிட்டு, தவணையைக் குடியிருப்பவர்களிடம் வசூலிப்பது மாதிரியான ஏற்பாடு. அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப் அன்றிலிருந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. உலகின் மிகப் பெரிய வருமானங்களில் ஒன்று உள்ள கிளப் என்பதால் தாங்குகிறது. நடுத்தரக் கிளப் தாங்காது.

நல்ல முதலாளியோ கெட்ட முதலாளியோ, அவரைப் பாதிக்கும் வெளிக்காரணம் கிளப்பையும் பாதிக்கும். 2022இல் யுக்ரேன் போரையொட்டி அப்ரமோவிச் மீது பிரிட்டன் தடை விதித்தது. செல்சீ புதிதாக டிக்கெட் விற்க முடியாமல், கடையில் ஒரு சட்டைகூட விற்க முடியாமல், அரசின் சிறப்பு உரிமத்தில் வாரக்கணக்கில் ஓடியது. அவர் கொடுத்திருந்த கடன் சுமார் 150 கோடி பவுண்ட். அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று அவர் சொன்னதால் கிளப் தப்பியது. மே மாதம் 250 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது.

இதே செல்சீயில்தான் நான் எல்லாக் கிளப்புகளும் படிக்க வேண்டும் என்று நினைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தின் நிலம் கிளப் முதலாளிக்குச் சொந்தமில்லை. 1993இல் தொடங்கிய, பெரும்பாலும் ரசிகர்களே பங்குதாரர்களாக உள்ள 'செல்சீ பிட்ச் ஓனர்ஸ்' என்ற தனி நிறுவனத்துக்குச் சொந்தம். அவர்கள் சம்மதமின்றிக் கிளப் வேறிடம் போனால் செல்சீ என்ற பெயரையும் எடுத்துப்போக முடியாது. 2011இல் அந்த நிலத்தைத் திரும்ப வாங்க அப்ரமோவிச் தரப்பு கேட்டது. 75 சதவீத ஓட்டு தேவைப்பட்டது, 61.6 சதவீதமே கிடைத்தது. உலகப் பணக்காரர் ஒருவர் தன் சொந்தக் கிளப்பின் ரசிகர்களிடம் தோற்றுப்போனார். நிலமும் பெயரும் அப்படித் தனியே இருந்ததால், பிறகு முதலாளி மாறியபோதும் அவை விற்பனைப் பொருளாகவில்லை.

எதிர்ப்பக்கத்தில் லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப். 1991இல் சொந்த மைதானத்தை விட்டு வெளியேறியது, பிறகு அந்த நிலமும் விற்கப்பட்டது. 2003இல் கிளப்பே மில்டன் கீன்ஸ் நகருக்கு நகர்த்தப்பட்டது. ரசிகர்கள் 2002இலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாகத் தொடங்கி, கீழிருந்து ஏறி, பழைய பகுதிக்குத் திரும்ப 2020 ஆனது.

பொருந்தும் நிலை: மைதானம் கட்டியே ஆக வேண்டும், கிளப்பின் வருமானத்தில் அது நடக்காது என்ற நிலையில். அதுவும் நிலத்தைத் தனி அமைப்பிடம் வைத்துவிட்டு, கடனாக வரும் பணத்துக்குக் காலவரம்பும் வட்டி வரம்பும் எழுதி வாங்கிய பிறகு.

## வழி 3: பல கிளப் குழுமத்தில் சேர்வது

ஒரே நிறுவனம் பல கிளப்புகளை வைத்திருக்கும் இந்த வழி கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வேகமாகப் பரவியது. ரெட் புல், மான்செஸ்டர் சிட்டியைத் தலைமையாகக் கொண்ட சிட்டி ஃபுட்பால் குரூப் இரண்டும் முன்னோடிகள். குழுமத்தில் சேரும் கிளப்புக்கு ஆட்டக்காரர் தேடும் வலைப்பின்னல், மருத்துவம், பயிற்சி முறை, விற்பனைத் தொடர்பு எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. பலனும் உண்மையானது. 2017இல் சிட்டி குழுமம் நுழைந்த ஜிரோனா 2023-24இல் ஸ்பானிய லீக்கில் மூன்றாமிடம் பிடித்து முதன்முறையாகச் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. ரெட் புல் சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் தொடர்ந்து பத்துப் பட்டங்கள் வென்றது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் மானே, ஹாலண்ட் இருவரும் அங்கிருந்து போனவர்கள்தான்.

விலை என்ன? சால்ஸ்பர்க்கில் 2005இல் ஊதா வெள்ளை நிறம் போய்ச் சிவப்பு வெள்ளை வந்தது. பழைய ரசிகர்கள் பிரிந்து ஆஸ்திரியா சால்ஸ்பர்க் என்ற பெயரில் அடிமட்ட லீக்கிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

இன்னொரு விலை கணக்கில் தெரியாது. உங்கள் கிளப்புக்காக எடுக்கும் முடிவு குழுமத்துக்கு நல்லதா என்றுதான் பார்க்கப்படும். பிரேசில் ஆட்டக்காரர் சாவின்யோவை 2022இல் வாங்கியது சிட்டி குழுமத்தைச் சேர்ந்த பிரான்சின் த்ருவா. அவர் த்ருவாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. தற்காலிகமாக வேறு கிளப்புகளுக்குப் போய், ஜிரோனாவில் மின்னி, 2024இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் த்ருவா இரண்டாம் டிவிஷனின் அடிப்பகுதியில் தத்தளித்தது.

விதிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஒரே முதலாளியின் கட்டுப்பாட்டில் உள்ள இரண்டு கிளப்புகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆட முடியாது. 2025இல் கிரிஸ்டல் பேலஸ் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, அதன் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் இடம் கையில் இருந்தது. ஆனால் பங்குதாரர்களில் ஒருவரான ஜான் டெக்ஸ்டர் பிரான்சின் லியோனையும் கட்டுப்படுத்தியதால், பேலஸ் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்குக்குத் தள்ளப்பட்டது. ஆட்டக்காரர்கள் ஜெயித்த இடத்தைப் பங்குதாரர் பட்டியல் பறித்தது.

குழுமமே சரிந்தால் எல்லாக் கிளப்பும் ஒன்றாகத் தடுமாறும். ஜெனோவா, ஸ்டாண்டர்ட் லீஜ், வாஸ்கோ ட காமா, ஹெர்த்தா பெர்லின் என்று பங்குகளைச் சேர்த்த 777 பார்ட்னர்ஸ் 2024இல் நொறுங்கியபோது அதுதான் நடந்தது.

பொருந்தும் நிலை: ரசிகர் அடித்தளம் சிறியதாக, இளம் ஆட்டக்காரர்களை வளர்த்து விற்பதே வருமானமாக உள்ள கிளப்புக்கு. குழுமத்தில் உங்கள் இடம் மேலேயா நடுவிலா கீழேயா என்பதை நேராகக் கேளுங்கள். கீழே என்றால், விற்கப்படும் ஆட்டக்காரரின் விலையைச் சந்தை மதிப்பில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

## வழி 4: பங்குச் சந்தை

இதில் அதிகம் சொல்ல இல்லை. 1983இல் டாட்டன்ஹாம் சந்தையில் இறங்கியது. 1990களில் பல கிளப்புகள் பின்தொடர்ந்தன. பெரும்பாலானவை வெளியேறிவிட்டன, டாட்டன்ஹாமும் 2012இல் போய்விட்டது. 2000இல் பட்டியலில் சேர்ந்த போருஷியா டார்ட்மண்ட் அந்தப் பணத்தை அளவின்றிச் செலவழித்து 2005இல் திவாலின் விளிம்புக்குப் போனது. அதற்குச் சற்று முன் பேயர்ன் மியூனிக்கிடம் 20 லட்சம் யூரோ கடன் வாங்க வேண்டிய நிலை. வெளிப்படையான கணக்கு என்ற ஒரு நன்மை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு ஆகும் தணிக்கை, சட்டச் செலவுகளைச் சிறிய கிளப் சுமக்க முடியாது. நடுத்தரக் கிளப்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 5: பங்கைக் கொடு, ஓட்டைக் கொடுக்காதே

எனக்குப் பிடித்தது இது. காரணங்களைச் சொல்கிறேன்.

பேயர்ன் மியூனிக்கின் 75 சதவீதம் உறுப்பினர் சங்கத்திடம். மீதி 25 சதவீதத்தை அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன. 2014இல் அலியான்ஸ் தன் பங்குக்கு 11 கோடி யூரோ கொடுத்தது. அந்தப் பணம் மைதானக் கடனை அடைக்கப் போனது. திட்டமிட்டதற்குப் பல வருடம் முன்பே மைதானம் கடனிலிருந்து விடுபட்டது. பங்கு ஒருமுறைதான் விற்கப்பட்டது, பலன் ஒவ்வொரு சீசனும் வருகிறது.

பேயர்ன் பெரிய கிளப், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அதற்கு ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ். 2013இல் முதலாளியின் சாம்ராஜ்யம் சரிந்து கிளப் திவால் நடவடிக்கைக்குள் போனது. தொழிலதிபர் ஆன் பட்ஜ் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டார். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மாதம்தோறும் ஒரு சிறு தொகை கட்டினார்கள். 2021இல் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அமைப்பின் கைக்கு வந்தது. பிறகு 2025இல், பிரைட்டனின் அதே டோனி ப்ளூம் 98.6 லட்சம் பவுண்ட் கொடுத்து 29 சதவீதப் பங்கை வாங்கினார். ஓட்டுரிமை இல்லாத பங்கு. பணமும் அவருடைய ஆட்டக்காரர் ஆய்வு முறையும் வந்தன, கிளப்பின் சாவி ரசிகர்களிடமே இருந்தது.

ஜெர்மனியின் சாங்க்ட் பாவ்லி இன்னும் ஒரு படி போனது. 2024 முடிவில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, தன் மில்லர்ன்டோர் மைதானத்தின் பெரும்பான்மைப் பங்கை ரசிகர்களுக்கே விற்றது. 20,000க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சுமார் 2.9 கோடி யூரோ தந்தார்கள். கிளப்புக்குப் பணமும் கிடைத்தது, மைதானத்துக்குப் பூட்டும் கிடைத்தது.

இந்த வழியின் ஆபத்துகளை மறைக்கவில்லை. ஓட்டில்லாத முதலீட்டாளர் கோபித்துக்கொண்டால் கையை இறுக்கிவிடுவார். ஜெர்மனியின் 'மியூனிக் 1860' கிளப்பில் 2011 முதல் ஹசன் இஸ்மாயிக் பெரும்பங்கு வைத்திருந்தார், 50+1 விதியால் முழு அதிகாரம் இல்லை. 2017இல் அணி இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கியது. மூன்றாம் டிவிஷன் உரிமத்துக்குத் தேவைப்பட்ட பணத்தை அவர் தர மறுத்தார். கிளப் நேராக நான்காம் டிவிஷனுக்குப் போனது. ஹெர்த்தா பெர்லின் 2019 முதல் ஒரே முதலீட்டாளரிடம் 37.4 கோடி யூரோ வாங்கியது. ஓட்டு உறுப்பினர்களிடமே இருந்தும் 2023இல் முதல் டிவிஷனை இழந்தது. ஓட்டை வைத்திருப்பதோடு, செலவழிக்கும் திறமையும் வேண்டும்.

ரசிகர்கள் சிறுபங்குக்காரர்களாக மாறும்போது எதிர்த்திசை ஆபத்து வருகிறது. வேல்ஸின் ஸ்வான்சீ கிளப்பில் ரசிகர் அறக்கட்டளை 21.1 சதவீதம் வைத்திருந்தது. 2016இல் மற்ற பங்குதாரர்கள் அவர்களை ஒதுக்கிவிட்டு அமெரிக்கக் குழுவுக்குக் கட்டுப்பாட்டை விற்றார்கள். கையில் பங்கு இருந்தது, விற்பனை மேசையில் நாற்காலி இல்லை.

பொருந்தும் நிலை: கிளப் நெருக்கடியில் இல்லாதபோது, வருமானம் நிலையாக உள்ளபோது, பேரம் பேச நேரம் இருக்கும்போது.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் வரும் வேகம் | ஓட்டு | மறைந்திருக்கும் செலவு | போகும் நாளில் |
|---|---|---|---|---|
| உறுப்பினர் | மெதுவாக | உறுப்பினர்களிடம் | கடன், தேர்தல் வாக்குறுதிகள் | யாரும் போவதில்லை. தலைவர் மட்டும் மாறுவார் |
| ஒற்றை முதலாளி | மிக வேகம் | முதலாளியிடம் | முதலாளிக் கடன், அவர் மீதான தடை, நிலம் பறிபோவது | எழுதி வாங்கியதைப் பொறுத்தது |
| குழுமம் | வேகம் | குழுமத் தலைமையிடம் | ஆட்டக்காரர் போக்குவரத்து, ஐரோப்பிய விதி | மற்றக் கிளப்புகளின் நிலையைப் பொறுத்தது |
| பங்குச் சந்தை | நடுத்தரம் | பெரும்பங்குதாரரிடம் | தணிக்கை, சட்டச் செலவு | யார் வேண்டுமானாலும் வாங்கலாம் |
| ஓட்டில்லாப் பங்கு | நடுத்தரம் | உறுப்பினர்களிடம் | முதலீட்டாளருடன் மோதல் | கிளப்புக்கு முதல் உரிமை வைக்கலாம் |

## உங்கள் கிளப் எந்த நிலையில்

மைதானம் சொந்தம், கடன் இல்லை, அடுத்த டிவிஷனுக்கு ஏற ஆசை: ஐந்தாம் வழி. நான்கில் ஒரு பங்குக்கு மேல் விற்காதீர்கள், வரும் பணத்தைச் சம்பளத்தில் போடாதீர்கள்.

மைதானம் வாடகைக்கு, லீக் தர விதியை எட்டவில்லை: இரண்டாம் வழியைத் தவிர்ப்பது கடினம். கட்டுபவரைத் தேடுங்கள். வருபவர் இதற்கு முன் வைத்திருந்த கிளப்போ கம்பெனியோ இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். மைதான நிலம் தனி அறக்கட்டளையிடம் இருக்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் அவருக்கு ஆசை நிலத்தின் மீதா, கிளப்பின் மீதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நல்ல இளைஞர் பயிற்சிக்கூடம், சிறிய ரசிகர் கூட்டம்: குழுமத்தைக் கேட்டுப் பார்க்கலாம், சிறுபங்குக்கு மட்டும்.

மிகக் கடினமான நிலை கடைசியானது: சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, கையில் சில வாரம்தான் இருக்கிறது. வந்த முதல் ஆளிடம் கையெழுத்துப் போடத் தோன்றும். 1885இல் தொடங்கிய இங்கிலாந்தின் பரி கிளப் 2018 டிசம்பரில் வெறும் 1 பவுண்டுக்குக் கைமாறியது. எட்டு மாதத்தில், 2019 ஆகஸ்டில், இங்கிலாந்து லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. புதியவரிடம் பணம் இருக்கிறதா என்பதை யாரும் முன்கூட்டி உறுதி செய்யவில்லை. இந்த நிலையில் உள்ள கிளப், வாங்குபவரைத் தேடுவதற்கு முன் சட்டப்படி திவால் பாதுகாப்பு கேட்பது மேல். புள்ளிகள் வெட்டப்படும், ஒரு டிவிஷன் இறங்கலாம். அந்த இடைவெளியில் ரசிகர்கள் அமைப்பாகச் சேர முடியும், நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க முடியும், வருபவரின் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்ல முடியும். போர்ட்ஸ்மத்தும் ஹார்ட்ஸும் மேலே வந்தது அந்தப் பாதையில்தான்.